பம்புக்கு மானியம் உண்டு. வெயிலுக்கு விலை உண்டா?

முப்பது மீட்டர் ஆழத்தில் நீர் நிற்கும் கிணறு ஒன்றிலிருந்து ஆயிரம் லிட்டர் நீரை மேலே கொண்டுவர எவ்வளவு ஆற்றல் வேண்டும்? உயர்நிலைப்பள்ளி மாணவர் எவரும் இதற்கு விடை சொல்லிவிடுவார். ஆயிரம் கிலோகிராம் நிறை. ஈர்ப்பு முடுக்கம் 9.8, உயரம் 30 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 2,94,000 ஜூல். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் காணும் ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். ஆகவே, இழப்பே இல்லாத பம்பு ஒன்று கிடைக்குமானால், ஒரு யூனிட் மின்சாரம் அக்கிணற்றிலிருந்து ஏறக்குறைய 12,000 லிட்டர் நீரை இறைத்துத் தரும்.

அரசின் பெரிய திட்டம் ஒன்றை இந்தச் சிறு கணக்கால் உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். திட்டத்தின் பெயர் வாசகர்கள் செய்தித்தாள்களில் கண்டதுதான். 2019 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'பிரதம மந்திரி கிசான் ஊர்ஜா சுரக்ஷா ஏவம் உத்தான் மகாபியான்'. சுருக்கமாகக் 'குசும்' திட்டம். உழவர்களின் நிலத்திலேயே கதிரவ ஒளியிலிருந்து மின்சாரம் உண்டாக்கவேண்டும் என்பது அதன் குறிக்கோள். அதற்கென மத்திய அரசு ஒதுக்கக் கருதிய தொகை 34,422 கோடி ரூபாய். 2022 ஆம் ஆண்டுக்குள் முடிந்திருக்கவேண்டிய இத்திட்டத்தின் காலம் பின்னர் 2026 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது.

இவ்வளவு பெரிய தொகையைப் பற்றிப் பொருளாதார அறிஞர்கள்தாம் பேசவேண்டும் என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. ஆற்றலைப் பற்றிய எந்தத் திட்டமும் முதலில் ஆற்றல் அழிவின்மை விதிக்குக் கட்டுப்பட்டது. அதற்குப் பின்னரே நிதியமைச்சகத்துக்கு.

திட்டத்தில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதற்பிரிவில், 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை திறனுள்ள சிறு மின்நிலையங்களைத் தரிசு நிலங்களிலும் பயன்படாத நிலங்களிலும் அமைக்கலாம். மொத்த இலக்கு 10,000 மெகாவாட். இரண்டாம் பிரிவில், மின்கம்பி எட்டாத வயல்களில் தனித்து இயங்கும் கதிரவ பம்புசெட்டுகள். மூன்றாம் பிரிவில், ஏற்கெனவே மின் இணைப்புள்ள பம்புசெட்டுகளுக்குக் கதிரவத் தகடுகளைச் சேர்த்தல். பின்னிரு பிரிவுகளில் விலையில் 30 விழுக்காட்டை மத்திய அரசும், 30 விழுக்காட்டை மாநில அரசும் தரும். மீதி 40 உழவருடையது. அதில் 30 வரை வங்கிக்கடனாகப் பெறலாம். மாநிலத்துக்கு மாநிலம் இந்த விகிதம் சற்றே மாறும்.

மூன்றில் வேகமாக நடந்தது எது? இரண்டாம் பிரிவு. 2024 ஆம் ஆண்டின் முடிவுக்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தனிப் பம்புசெட்டுகள் நாடெங்கும் நிறுவப்பட்டுவிட்டன. முதற்பிரிவோ அதே காலத்தில் தன் இலக்கில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. ஒரு மெகாவாட் நிலையம் அமைக்கக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும். இரண்டு ஏக்கர் புன்செய்க்காரர் அதற்கு எங்கே போவார்? நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதே அவரால் ஆவது. ஆகவே நடந்த பிரிவையே நாம் கூர்ந்து நோக்குவோம்.

ஒரு நாள் வெயில், ஒரு நாள் நீர்

ஐந்து குதிரைத்திறன் கதிரவ பம்பை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஏறக்குறைய 5 கிலோவாட் தகடுகள் வேண்டும். தமிழ்நாட்டின் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று சற்றுக் குறைத்தே வைத்துக்கொள்வோம். ஆக, ஒரு நாளைக்கு 20 யூனிட். மின்கட்டுப்பாட்டுப் பெட்டி, மோட்டார், பம்பு, குழாய் ஆகியவற்றில் ஏற்படும் இழப்புகள் போக, 40 விழுக்காடு ஆற்றலே நீரை உயர்த்தும் வேலையாக மாறுகிறது எனக் கொண்டால், 30 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து நாளொன்றுக்கு 98,000 லிட்டர் கிடைக்கும்.

ஓர் ஏக்கர் நிலத்தில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்ச ஏறத்தாழ இரண்டு இலட்சம் லிட்டர் வேண்டும். அதாவது இரண்டு நாள் வெயிலில் ஓர் ஏக்கர் நனைந்துவிடும். நல்ல கிணறு, நல்ல பம்பு!

இப்போது அதே தகடுகளை, அந்த ஆழத்துக்கேற்ற பம்புடன், 100 மீட்டர் ஆழத்தில் நீர் நிற்கும் ஆழ்துளைக் கிணற்றின்மேல் வையுங்கள். நாளொன்றுக்கு 29,000 லிட்டர். ஏக்கர் நனைய ஏழு நாள். 200 மீட்டருக்குப் போனால் 14,700 லிட்டர், பதினான்கு நாள். கொங்கு நாட்டில் ஆயிரம் அடிக்கும் கீழே துளை போட்டவர்கள் பலர். அவர்களுக்கு இந்தப் பம்பு என்ன தரும் என்பதை வாசகர்களே பெருக்கிப் பார்க்கலாம். முதல் மாதத்தில் முதலில் ஏக்கர் நனைந்து முடிவதற்குள் முதலில் நனைந்த பாத்தி காய்ந்திருக்கும்.

வெயில் மாறவில்லை; தகடு மாறவில்லை; மானியத் தொகையும் பெரிதாக மாறவில்லை. மாறியது உயரம் ஒன்றே. ஆனால் மானியம் கணக்கிடப்படுவது குதிரைத்திறனை வைத்து. 7.5 குதிரைத்திறன் வரை மானியம் என்கிறது வழிகாட்டு நெறி. கிணற்றில் நீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்பது மானியத்தின் அளவை நிர்ணயிப்பதில்லை.

நிலத்தடி நீர் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. 2017 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 குறுவட்டங்கள், ஆண்டுதோறும் மண்ணுக்குள் சேரும் நீரைவிட மிகுதியாக எடுப்பவை. 427 மட்டுமே பாதுகாப்பானவை. அளவுக்கு மீறி இறைக்கும் ஒரு வட்டத்தில் நீர்மட்டம் பத்தாண்டுகளில் 100 மீட்டரிலிருந்து 150 மீட்டருக்கு இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம். அரசின் 60 விழுக்காட்டுப் பணத்தில் வாங்கிய அந்தப் பம்பு, மூன்று குடம் இறைத்த இடத்தில் இரண்டு குடம் இறைக்கும். தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும் என்று உற்பத்தியாளர் உறுதிச்சீட்டுக் கொடுக்கலாம். நீர்மட்டத்துக்கு அப்படிச் சீட்டுக் கொடுப்பார் எவருமில்லை.

வழிகாட்டு நெறியை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். நிலத்தடி நீர் வற்றிவரும் பகுதிகளில் புதிய பம்புகளுக்கு இடமில்லை என்றும், அங்கே பழைய டீசல் பம்புகளை மாற்றிக்கொள்வதானால் சொட்டுநீர், தெளிப்புநீர் போன்ற முறைகளைக் கையாளவேண்டும் என்றும் அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நல்ல விதி. ஆனால் சொட்டுநீர் போட்டவர் மிச்சப்பட்ட நீரில் இன்னும் ஓர் ஏக்கர் பயிரிட்டால் அந்த விதி என்ன செய்யும்? எதுவும் செய்யாது.

மீதி இருநூறு நாட்கள்

பெரிய இழப்பு வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை நான் மாணவர்களிடம் கேட்டபோது, முதல் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் தகட்டின் பயனுறுதிறன் குறைவைச் சொன்னார்கள். கதிரவத் தகடு தன்மீது விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே மின்சாரமாக்குகிறது. ஆகவே இழப்பு அங்கேதான் என்பது அவர்கள் வாதம். கடைசி வரிசையில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் மட்டும் சொன்னார்: "மழைக்காலத்தில் மோட்டாரே போடமாட்டோம், சார்."

அதுதான் விடை. ஐந்து கிலோவாட் தகடு ஆண்டுக்கு 7,000 யூனிட்டுக்குக் குறையாமல் தரக்கூடியது. ஒரு வயலுக்கு ஆண்டில் 150 நாட்கள் நீர் பாய்ச்சினால் செலவாவது 3,000 யூனிட். மழை பெய்யும் நாட்கள், அறுவடை நாட்கள், உழவுக்கு முந்திய காய்ச்சல் நாட்கள், கிணற்றில் நீரே இல்லாத நாட்கள் எல்லாம் சேர்ந்த மீதி இருநூற்றுச் சொச்சம் நாட்களில் தகடு வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. 4,000 யூனிட் பிறக்காமலே போகிறது. தனித்து நிற்கும் பம்புக்கு மின்கம்பி இல்லை. மிச்ச மின்சாரத்தை அனுப்ப வழியும் இல்லை.

நாட்டில் நிறுவிய ஐந்து இலட்சம் பம்புகளும் இதே அளவின என்று ஒரு பேச்சுக்குக் கொண்டால், ஆண்டுக்கு 200 கோடி யூனிட். இது அரசாங்கப் புள்ளிவிவரம் அன்று, பெருக்கல் வாய்பாடு. பம்புகள் சிறியனவும் பெரியனவுமாக இருக்கும். பயிருக்குப் பயிர் நாட்கள் மாறும். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் 100 கோடி யூனிட்.

மின்கலங்களில் சேமிக்கலாமே என்பீர்கள். நான்காயிரம் யூனிட்டைச் சேமிக்கும் மின்கலத்தின் விலையில் அந்த வயலையே வாங்கிவிடலாம். மேல்நிலைத் தொட்டியில் நீராகச் சேமித்தால்? ஒரு இலட்சம் லிட்டர் தொட்டியைப் பத்து மீட்டர் உயரத்தில் கட்டினால் அதில் அடங்கும் ஆற்றல் 2.7 யூனிட். தொட்டிக்குச் செலவான சிமெண்டை நினைத்தால் சிரிப்பு வருகிறது. வழிகாட்டு நெறியில் இதற்கும் ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. பலபயன் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றைப் பொருத்தினால் அதே தகடுகளைக் கொண்டு தீவனம் நறுக்கும் இயந்திரம், மாவரைக்கும் இயந்திரம், குளிர்பதன அறை முதலியவற்றை ஓட்டலாம். நல்ல யோசனையே. ஆனால் மாவரைக்கும் இயந்திரத்துக்கு அரிசி ஊரில் இருக்கிறது. பம்பு இருப்பதோ ஊருக்கு வெளியே, ஒற்றையடிப் பாதையின் கடைசியில்.

மிச்சம் வீணாவது ஒரு பக்கம். மறுபக்கம் இன்னும் கவலை தருவது. டீசல் பம்பு ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கரைந்தது. பயிருக்குப் போதும் என்றதும் உழவர் எஞ்சினை நிறுத்தினார். கதிரவ பம்பில் அந்தத் தடை இல்லை. மிச்சமாகும் வெயிலுக்கு விலையில்லை. கூடுதலாக இறைக்கும் நீருக்கும் செலவில்லை. இரண்டு சுழிகளுக்கு நடுவே நிற்கும் மனிதர் சுவிட்சை ஏன் நிறுத்தவேண்டும்? அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நாமும் அவ்விடத்தில் இருந்தால் நிறுத்தமாட்டோம்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கதிரவ பம்பு இரவில் ஓடாது. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது கைவிளக்கோடு வரப்பில் நடந்து, பாம்புக்கும் பூச்சிக்கும் நடுவே மோட்டார் போட்டவர்களுக்கு, பகலில் நீர் பாய்ச்சுவது எவ்வளவு பெரிய விடுதலை என்பது தெரியும். மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது கைகண்ட மருந்து. திட்டமே வேண்டாம் என்பது என் வாதம் அன்று. மானியத்தின் நுனி எந்த இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி.

சாண எரிவாயுவின் பழைய கதை

இந்தக் கேள்வி புதியது அன்று. 1981-82 இல் தொடங்கிய தேசிய சாண எரிவாயு வளர்ச்சித் திட்டத்தை மூத்த வாசகர்கள் அறிவார்கள். வீட்டுக்கு ஒரு கலம்; கலத்துக்கு இவ்வளவு மானியம். நாளொன்றுக்கு இரண்டு கனமீட்டர் வாயு தரும் கலத்துக்கு 50 கிலோ சாணம் வேண்டும். அதற்கு நான்கைந்து மாடுகளாவது வேண்டும். மானியம் கலத்தைக் கட்டியதும் வந்துவிட்டது. மாடு விற்கப்பட்டபோது திரும்பிப் போகவில்லை. நிறுவியவை எத்தனை என்ற எண்ணிக்கை அறிக்கைகளில் ஏறிக்கொண்டே போயிற்று. எரிந்த வாயு எத்தனை கனமீட்டர் என்ற எண்ணை எவரும் கேட்கவில்லை. நம் ஊர்களில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்புறம் மூடிக்கிடக்கும் வட்டக் குழிகளில் சில அந்தக் காலத்தின் மிச்சங்கள். கலம் கெட்டது அறிவியலின் குற்றம் இல்லை. நன்றாகப் பராமரித்தவர் வீட்டு அடுப்பு இன்றும் எரிகிறது.

குதிரைத்திறனை எண்ணுவதும் கலத்தை எண்ணுவதும் ஒரே பழக்கந்தான். 'திறன்' என்பது செய்யக்கூடியது; 'ஆற்றல்' என்பது செய்தது. வாட்டுக்கும் ஜூலுக்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தேர்வில் குழப்பிக்கொள்ளும் மாணவருக்கு நாம் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம்.

துண்டியில் நடந்தது

குஜராத் மாநிலத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்றொரு சிற்றூர். அங்கே ஆறு உழவர்கள் சேர்ந்து, ஆனந்த் நகரிலிருந்து இயங்கும் பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம் – டாட்டா கூட்டுத் திட்டத்தின் துணையோடு, ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். 2016 இல் அவர்களுடைய கதிரவ பம்புகள் மின்வாரியக் கம்பியோடு இணைக்கப்பட்டன. ஆறு பேரின் தகடுகளும் சேர்ந்து 56.4 கிலோவாட். நீர் வேண்டும்போது பம்பு ஓடும்; வேண்டாதபோது மின்சாரம் கம்பியில் போகும்; சங்கத்துக்கு ஒரே மீட்டர். யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு என்று மின்பகிர்மான நிறுவனம் இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தது. அதன்மேல் பசுமை மின்சாரத்துக்கென 1 ரூபாய் 25 காசும், நீரை மிச்சப்படுத்தியதற்கென 1 ரூபாய் 25 காசும் ஆராய்ச்சித் திட்டம் சேர்த்துக் கொடுத்தது. ஆக 7 ரூபாய் 13 காசு.

இதில் கவனிக்கவேண்டியது ஒரு சிறு நிபந்தனை. அந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் சலுகை விலை மின் இணைப்புக் கேட்கும் உரிமையை உழவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அரசுக்கு அதில் இலாபம். உழவருக்கு மாதந்தோறும் வரும்படி. கதிரவனை ஒரு பயிராகக் கருதவேண்டும் என்று இம்முயற்சிக்கு முன்னின்ற துஷார் ஷா என்ற அறிஞர் வாதிட்டுவந்தார். நீர் வேண்டாத, உரம் வேண்டாத, பூச்சி அரிக்காத பயிர்! பயிர் என்றால் அதற்குச் சந்தை வேண்டும். துண்டியில் சந்தையாக அமைந்தது மின்கம்பி.

இதைக் கண்ட குஜராத் அரசு 2018 இல் 'சூர்யசக்தி கிசான் யோஜனா'வை அறிவித்தது. முதல் ஏழு ஆண்டுகளுக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய். அதில் பாதி மின்பகிர்மான நிறுவனத்தினுடையது, பாதி அரசினுடையது. பிந்திய பதினெட்டு ஆண்டுகளுக்கு 3 ரூபாய் 50 காசு. குசும் திட்டத்தின் மூன்றாம் பிரிவும் இதே வழியைத் திறக்கிறது. பம்பின் திறனைப்போல் இருமடங்கு வரை தகடு வைக்கலாம், மிச்சத்தை விற்கலாம். எனக்குத் தெரிந்தவரை, அறிவியல் முறையில் திட்டத்தின் மிகச் சிறந்த வாசகம் இதுவே. ஆனால் நடைமுறையில் எல்லாரும் ஓடிச் சென்று பற்றியது இரண்டாம் பிரிவை.

தமிழ்நாட்டில் ஏன் மூன்றாம் பிரிவு தானாக வேர்விடாது என்பதற்குக் காரணம் தேடி அலையவேண்டியதில்லை. 1990 முதல் இங்கே உழவர்களுக்கு மின்சாரம் இலவசம். இலவசமாக ஓடும் மோட்டாருக்குத் தகடு வாங்க ஒருவர் விலையில் 40 விழுக்காட்டை ஏன் தரவேண்டும்? விற்பனை விலை கவர்ச்சியாக இருந்தால் மட்டுமே தருவார். நான்காயிரம் யூனிட்டுக்கு யூனிட் இரண்டு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 8,000 ரூபாய். ஏழு ரூபாய் என்றால் 28,000. முன்னது வட்டிக்கே காணாது. பின்னதைப் பார்த்து ஒருவர் மோட்டாரை ஒரு நாள் முன்னதாக நிறுத்தக்கூடும். இலவச மின்சாரத்தைப் பறித்துவிடு என்று சொல்வோர் நகரத்தில் உண்டு. அது அரசியலிலும் நடவாது, நியாயமும் அன்று. ஆனால் அந்த இலவசத்துக்காக மாநில அரசு மின்வாரியத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் குதிரைத்திறன் கணக்கில் பணம் கட்டுகிறது. அதே பணத்தில் ஒரு பங்கை, இறைக்காமல் விட்ட யூனிட்டுக்கு விலையாக உழவரிடமே கொடுத்தால் என்ன?

யூனிட்டுக்கு விலை கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று இவ்விடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம். அது உண்மையாகாது. அதற்கு இரண்டு எதிர்ச்சான்றுகள் இருக்கின்றன.

ஒன்று ஜெர்மனி. 2000 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நாடு, புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு இவ்வளவு என்று இருபதாண்டு விலை உறுதி செய்தது. கருவிக்குப் பணமில்லை, மின்சாரத்துக்கே பணம். 2004 இல், பயிரிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் செய்வோருக்குக் கூடுதல் விலை சேர்த்தார்கள். உடனே உழவர்கள் மக்காச்சோளத்துக்குத் திரும்பினார்கள். அதைப் பசுந்தீவனமாகப் பதப்படுத்தி, கலத்தில் நொதிக்கவைத்து, வாயுவை எஞ்சினில் எரித்தார்கள். மின்சாரம் வந்தது. ஆனால் ஒளிச்சேர்க்கை தன்மீது விழும் ஒளியில் ஆண்டுச் சராசரியாக ஏறக்குறைய ஒரு விழுக்காட்டைத்தான் பயிரில் சேமிக்கிறது. அதிலும் எஞ்சினில் பாதிக்குமேல் வெப்பமாகப் போகிறது. ஒரு ஹெக்டேர் மக்காச்சோளம் தரும் மின்சாரத்தைப்போல் இருபது மடங்குக்கும் மேலாக அதே ஹெக்டேரில் வைத்த தகடுகள் தரும். நிலம் சோளத்தில் மூழ்கியதைக் கண்டு 2012 இல் கலத்தில் இடும் பொருளில் மக்காச்சோளமும் தானியமும் 60 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்று வரம்பு விதித்தார்கள். 2014 இல் புதிய கலங்களுக்கு அந்தக் கூடுதல் விலையை நிறுத்தினார்கள். யூனிட்டைச் சரியாக அளந்தார்கள். அது எதை விழுங்கிப் பிறந்தது என்பதைக் காலங்கடந்து அளந்தார்கள்.

மற்றொன்று நம் கிணற்றடியிலேயே உள்ளது. அடுத்த வயல்காரர் நீர் கேட்கிறார். முப்பது மீட்டர்க் கிணற்றில் ஒரு யூனிட் 4,900 லிட்டர் இறைக்கும் என்று கண்டோம். மணிக்கு ஐம்பது ரூபாய் தருகிறேன் என்கிறார் அவர். அந்த ஒரு மணியில் பம்புக்கு நான்கு யூனிட் செலவு என்றால், யூனிட்டுக்குப் பன்னிரண்டரை ரூபாய் ஆகிறது. மின்வாரியம் ஏழு ரூபாய் தந்தாலும் நீர் அண்டை வயலுக்கே போகும். துண்டியிலும் அண்டையாருக்கு நீர் விற்கத்தான் செய்தார்கள். அங்கே அது டீசல் பம்புகளை ஓரங்கட்டியது, நல்லதே. வற்றிய குறுவட்டம் ஒன்றில் அதே விற்பனை நல்லதாக இராது. ஆகவே யூனிட் விலை ஒன்றே எல்லா ஊருக்கும் பொருந்தாது. நீர் நிற்கும் ஆழத்தோடு அது உயரவேண்டும். வற்றிய வட்டத்தில் விற்கும் யூனிட்டுக்கு மிகுந்த விலை; பாதுகாப்பான வட்டத்தில் குறைந்த விலை. குறுவட்டப் பட்டியல் அரசிடம் இருக்கவே இருக்கிறது.

2020 டிசம்பரில் திட்டத்தில் இன்னொரு மாற்றம் வந்தது. ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனியே தகடு வைப்பதைவிட, பம்புகளுக்கு மின்சாரம் தரும் கம்பி வழி முழுவதற்கும் துணைமின்நிலையத்தருகே ஒரே கதிரவ நிலையம் வைக்கலாம் என்றார்கள். யூனிட்டுக்கு ஆகும் செலவு குறையும். தகட்டைத் துடைக்க ஆள் இருப்பார். திருட்டுப் பயமும் இல்லை. மின்வாரியத்தின் கண்ணோட்டத்தில் இதில் குறைகாண்பது அரிது. உழவரின் இடத்தில் நின்று பார்த்தால், முன்போலவே பகலில் இலவச மின்சாரம் வரும். விற்பதற்கு அவரிடம் எதுவும் இராது. மோட்டாரை நிறுத்தக் காரணமும் இராது. நீர் இக்கணக்கிலிருந்து மீண்டும் வெளியே போய்விட்டது.

இவற்றையெல்லாம் அளப்பது எளிதா என்று கேட்கலாம். வியப்பு என்னவென்றால், அளவு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. இத்திட்டத்தில் தரப்படும் கதிரவ பம்புகளில் தொலைக் கண்காணிப்புக் கருவி இருக்கவேண்டும் என்பது விதி. தகடு எத்தனை யூனிட் தந்தது, பம்பு எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு நீர் வந்தது என்னும் செய்திகள் கைப்பேசி அலைவரிசை வழியாக ஒரு கணினிக்குப் போகின்றன. பழுது கண்டுபிடிக்க என்று வைத்த கருவி அது. அந்த எண்களைப் பம்புக்காரரின் பெயர் சுட்டாமல் குறுவட்டவாரியாகத் தொகுத்து மாதந்தோறும் வெளியிட்டால், எந்த வட்டத்தில் எத்தனை யூனிட் பயனின்றிப் போயிற்று, எங்கே கம்பியை இழுத்தால் ஈடாகும், எங்கே பம்பே கொடுத்திருக்கக் கூடாது என்பது ஒரு பள்ளி மாணவருக்கும் விளங்கும்.

அதுவரை நம் கையிலுள்ள கருவிகள் போதும். உங்கள் ஊரில் கதிரவ பம்பு வைத்தவர் ஒருவர் இருப்பார். அவர் அனுமதியோடு தகட்டின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டில் வாட் எவ்வளவு என்று பாருங்கள்; தகடுகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இருநூறு லிட்டர் பீப்பாய் ஒன்று நிரம்ப எத்தனை விநாடி என்று உச்சிவேளையில் குறித்துக்கொள்ளுங்கள். கிணற்றில் நீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று கயிறு விட்டு அளக்கலாம். ஆழ்துளைக் கிணறானால், பம்பு இறக்கிய குழாய்களின் நீளத்தை உரிமையாளரே சொல்வார். நீர் அதற்குச் சற்று மேலே நிற்கும். கடைசியாக, சென்ற ஆண்டு எத்தனை நாள் மோட்டார் ஓடியது என்று கேளுங்கள். நான்கு எண்களும் ஒரு அஞ்சலட்டையில் அடங்கும். நூறு ஊர்களிலிருந்து அத்தகைய அட்டைகள் வந்தால், மேலே நான் 40 விழுக்காடு என்றும் 150 நாள் என்றும் கொண்டவற்றைத் திருத்தி, கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.